ஒன்பதாவது பெயர்

தலைவர்கள் ஒன்று கூடுவதில் பல வகை உண்டு. இரண்டு அரசாங்கங்கள் கூடினால் முதலில் நாற்காலிகளின் உயரத்தைச் சரிபார்ப்பார்கள், பிறகு கொடிகளின் உயரத்தை. கூட்டணிக் கட்சிகள் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் கூடும். மணமக்களை வாழ்த்துகிற சாக்கில் நாலைந்து தொகுதிகள் கைமாறியிருக்கும். வியாபாரிகள் சங்கம் சாப்பாட்டுக்குக் கூடி, தாம்பூலத்தோடு கலைந்துவிடும். தொழிற்சங்கமும் நிர்வாகமும் கூடுவது தனி ரகம். அவர்கள் வெளிநடப்பு செய்வதற்காகவே கூடுவார்கள். வெளிநடப்பு செய்தவர்கள் வராந்தாவில் நிற்பார்கள். நிர்வாகத்துக்காரர் ஒருவர் போன் பேசுகிற பாவனையில் அங்கே வருவார். உண்மையான பேச்சுவார்த்தை அந்த வராந்தாவில்தான் தொடங்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் என் வேலை. நான் தலைவர்களைப் படியெடுப்பவன்.

ஒரு தலைவரோடு மூன்று வாரம் உட்காருவேன். கேள்வி கேட்பேன். அவர் இதுவரை போட்ட ஒப்பந்தங்கள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள், மேடைப் பேச்சுகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வேன். அவற்றை வைத்து, அவரைப் போலவே யோசித்து, அவரைப் போலவே முரண்டு பிடித்து, அவர் விட்டுக்கொடுக்கிற இடத்தில் விட்டுக்கொடுக்கிற ஒரு மென்பொருளை எங்கள் ஆணையம் செய்யும். அதற்கு நிகராளி என்று பெயர். இரண்டு தரப்பு நிகராளிகளையும் ஒரே கணினிக்குள் விட்டால், நிஜத் தலைவர்கள் மூன்று மாதம் இழுக்கிற பேச்சை அவை கால் மணி நேரத்தில் முடித்துவிடும்.

முதலில் இரண்டு மாநிலங்கள் ஒரு ஆற்றுக்காக இதைச் சோதித்துப் பார்த்தன. முப்பது வருட வழக்கு ஒரு மத்தியானத்தில் தீர்ந்தது. பிறகு இரண்டு நாடுகள் மீன்பிடி எல்லைக்காக. அப்புறம் ஏழு கட்சிக் கூட்டணி ஒன்று. அந்த ஏழில் மூன்று நிகராளிகள் எடுத்த எடுப்பிலேயே முதலமைச்சர் பதவியைக் கேட்டன. அவற்றின் நிஜத் தலைவர்களில் இரண்டு பேர், தங்களுக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது என்று கடைசிவரை சத்தியம் செய்தார்கள். படியெடுப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி.

பிறகு சட்டம் வந்தது. துறைமுகம், ரயில், மின்சாரம் போன்ற அத்தியாவசியத் துறைகளில் தகராறு என்றால் முதலில் நிகராளிகள்தான் பேச வேண்டும். வருகிற முடிவில் தலைவர்கள் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம் அல்லது மறுக்கலாம். மறுத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம். வேலைநிறுத்தங்கள் குறைந்தன, கதவடைப்புகள் குறைந்தன. நல்லதுதான். தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் குறைந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலைத் தூர்த்துக் கட்டிய ஒரு தனியார் சரக்குப் பெட்டக முனையத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே தகராறு ஒன்பது பேரைப் பற்றியது.

அந்த முனையத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள் உயரத்தில் உட்காருவதில்லை. குளிரூட்டிய ஒரு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தொலைவிலிருந்தே ஓட்டுவார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள், கப்பலில் பெட்டகங்களைக் கம்பியால் பிணைத்துக் கட்டுகிற தொழிலாளி ஒருவர் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வர வேண்டிய பாதை கிரேன்களுக்குக் கீழே இருந்தது. கட்டுப்பாட்டு அறை, வேலை தொடரட்டும், ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வரட்டும் என்றது. சுற்றினால் இருபது நிமிடம். எட்டு பேர் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்தார்கள். ஒன்பதாவது கிரேன் அடுத்த கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தது. அது நிற்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் எட்டு நின்று ஒன்று ஓடினால் நாளைக்கு அந்த ஒன்றைக் காட்டியே எட்டையும் அடிப்பார்கள் என்று சங்கத்தின் பொதுச் செயலாளருக்குப் பட்டது. அவர் போன் செய்து, நீயும் நிறுத்து என்றார். அதுவும் நின்றது.

விழுந்தவர் பிழைத்துக்கொண்டார், ஒரு கால் போயிற்று. நிறுவனம் ஒன்பது பேரையும் வேலையை விட்டு நீக்கியது. வேலையை நடுவில் நிறுத்தியதற்காக நீக்கப்பட்டவரின் உரிமம் ரத்தாகிவிடும். நாட்டில் எந்தத் துறைமுகத்திலும் அவர் மறுபடி கிரேன் ஓட்ட முடியாது.

பொதுச் செயலாளர் பெயர் பெர்பெத்து. ஐம்பத்தாறு வயது. அந்தக் கரையில் கிரேன் ஓட்டிய முதல் பெண்களில் ஒருவர். இருபத்தேழு வருடமாகச் சங்கத்தில் இருக்கிறார், பதினான்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ஒன்பதாவது கிரேனை ஓட்டியவர் ததேயு. பெர்பெத்துவின் சொந்தத் தம்பி.

சங்க அலுவலகத்தில் மூன்று வாரம் அவரோடு உட்கார்ந்தேன். மாடியில் ஒரு அறை, தகரக் கூரை, பங்குனி வெயில். பெரிய தலைவர்களைப் படியெடுக்கும்போது பாதி நேரம் அவர்களைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்கிற பெருமையைக் கழிப்பதிலேயே போய்விடும். பெர்பெத்துவிடம் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். நடு நடுவே யாராவது வந்து பி.எஃப். விண்ணப்பத்தை நீட்டுவார்கள். அதைப் படித்துக்கொண்டே எனக்கும் பதில் சொல்வார். நான் ஏதாவது அபத்தமாகக் கேட்டால் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

கோரிக்கைப் பட்டியல் எப்படித் தயாரிப்பீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அப்போதுதான் அவருக்கு உற்சாகம் வந்தது.

"முப்பது கோரிக்கை எழுதணும் சார். முதல் பத்து, கட்டாயம் வேணும்ங்கிறது. நடுவுல பத்து, வந்தா சந்தோசம். கடைசி பத்து அவன் தள்ளுபடி பண்ணுததுக்கு. அவனும் மேலிடத்துல போயி பதில் சொல்லணும்லா? இன்னதக் கேட்டாவ, நான் குடுக்கலன்னு காட்ட அவன் கையில ஏதாச்சும் இருக்கணும்."

பதினான்கு பட்டியலிலும் கடைசிக் கோரிக்கை ஒன்றேதான்: தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு நீச்சல் குளம். கடல் நூறு அடியில் இருக்கிறது. பதினான்கு முறையும் நிர்வாகம் நீச்சல் குளத்தை உறுதியோடு நிராகரித்திருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தின் கூட்டக் குறிப்புகளில் அது பதினான்கு முறையும் பதிவாகியிருந்தது: 'கடைசிக் கோரிக்கையைச் சங்கம் கைவிட்டது.'

எந்தக் கட்டத்தில் அதைக் கைவிடுவீர்கள் என்று கேட்டேன்.

"அது எதிர்ல இருக்கவன் மொகத்தப் பாத்துத்தான் சார்."

முகத்தில் என்ன பார்ப்பீர்கள் என்றேன். அதை எப்படிச் சொல்ல என்று அவரும் யோசித்தார். அதற்குள் கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார். நான் படிவத்தில் 'கைவிடும் நேரம்: சூழ்நிலைக்கேற்ப' என்று எழுதிக்கொண்டேன். கணினியில் ஏற்ற முடியாத பதில்களுக்கெல்லாம் நாங்கள் அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

கடைசி வாரத்தில் கோரிக்கைப் படிவத்தை நிரப்பச் சொன்னேன். நிகராளிக்குக் கோரிக்கைகளைத் தனித்தனி வரியாகக் கொடுக்க வேண்டும். 'ஒன்பது பேரையும் திரும்ப எடு' என்று ஒரே வரியில் கொடுத்தால் கணினி ஏற்காது. பெர்பெத்து ஒவ்வொரு பெயராக எழுதினார். எட்டு பெயர் மளமளவென்று வந்தது. ஒன்பதாவது வரியில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ததேயு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தம்பி பெயரை முதலில் எழுதினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதனால் கடைசியில் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரம் நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஹரிநாராயணனோடு. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. மரியாதையான மனிதர், என்னை ஒரு நாள்கூடக் காக்க வைக்கவில்லை. ஒன்பது பேரை நீக்கியது அவர் முடிவல்ல, அவருக்கு மேலே இருக்கிற இயக்குநர் குழுவின் முடிவு. ஒரு கிரேன் ஓட்டுநரைத் தயார் செய்ய இரண்டு வருடம் பிடிக்கும். ஒன்பது கிரேனும் சும்மா நிற்பதைப் பார்த்து ஒரு கப்பல் நிறுவனம் வேறு துறைமுகம் தேடத் தொடங்கியிருந்தது.

"ஒன்பது பேரும் திரும்பி வந்தா எனக்கு நிம்மதி சார். ஆளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்துட்டா போதும், குழுவை நான் சமாளிச்சுப்பேன். சும்மா எடுத்தேன்னு மட்டும் இருக்கக் கூடாது."

அதைச் சொல்லும்போது அவர் முகம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் 'உச்ச வரம்பு: ஒன்பது, எச்சரிக்கைக் கடிதத்துடன்' என்று எழுதிக்கொண்டேன். அந்த ஆறு வாரத்தில் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஒரு தரப்பு சொன்னதை அடுத்த தரப்பிடம் சொல்வது குற்றம். சொல்லலாமா என்கிற யோசனைகூட எனக்கு வரவில்லை.

பேச்சுவார்த்தை பதினோரு நிமிடம் நடந்தது. விதிப்படி நிஜத் தலைவர்கள் இருவரும் வேறு வேறு கட்டடத்தில் காத்திருந்தார்கள். முடிவுத் தாளில் மூன்று வரி: எட்டு பேர் எச்சரிக்கைக் கடிதத்துடன் பணிக்குத் திரும்புவர். ஒன்பதாமவர் நீக்கம் உறுதி செய்யப்படுகிறது. உரிமத்தைத் திரும்பக் கோரும் உரிமை அவருக்கு இல்லை.

காரணம் எழுதியிருக்காது. எப்போதும் எழுதுவதில்லை. யார் எதை முதலில் விட்டார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். பதிவு பத்து வருடத்துக்கு முத்திரையிடப்படும், படியெடுத்தவனால் மட்டும் திறக்க முடியும். தலைவர்களின் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி.

பெர்பெத்து தாளைப் படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார். ஒரு ஆளையாவது பலி வாங்காமல் கம்பெனி விடாது என்று எதிர்பார்த்ததுதான் என்று சொன்னார். தம்பிக்குப் போன் போட்டு, அரை நிமிடம்கூடப் பேசவில்லை, வைத்துவிட்டார். மூன்று நாள் அவகாசம் இருக்கிறது என்று நான் நினைவூட்டினேன். மறுத்தால் எட்டு பேரும் வெளியே நிற்பார்கள், நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

மறுநாள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கையெழுத்து. இந்தத் தகராறில் பெர்பெத்துவும் ஹரிநாராயணனும் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரே அறையில் இருந்தார்கள். ஹரிநாராயணன் எழுந்து வணக்கம் சொன்னார். உங்கள் தம்பி விஷயத்தில் வருத்தம் என்று ஏதோ சொன்னார். பெர்பெத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் கேமரா பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் கை குலுக்குகிற படம் மாலைச் செய்திகளில் வந்தது.

அன்று சாயங்காலம் முனையத்தின் வாயிலில் கூட்டம். ஒப்பந்தம் எதுவானாலும் தலைவர் வாயிலில் நின்று தொழிலாளிகளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். எனக்கு அங்கே வேலையில்லை, ஆனாலும் போனேன். இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். பெர்பெத்து ஒரு மினி லாரியின் மேல் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"எட்டு பேரு நாளைக்குக் காலையில உள்ள போறாவ. ஒருத்தன் வெளிய நிக்கான். அவன் என் தம்பி."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பிறகு ததேயுவே லாரியில் ஏறினார். நெடுநெடுவென்று உயரமான மனிதர், அக்காவைவிட ஏழு வயது சின்னவர். தன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து அக்காவின் தோளில் போட்டார். அதற்கு எழுந்த கோஷம் கடற்கரைச் சாலை வரைக்கும் கேட்டிருக்கும். சொந்தத் தம்பியைக் கொடுத்துப் பிறத்தியார் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சில பெண்கள் அழுதார்கள். நிகராளி என்கிற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. நான் வேடிக்கை பார்த்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பெர்பெத்து என் அறைக் கதவைத் தட்டினார். தனியாக வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்.

"தம்பி பேரை அவங்க கேட்டு வாங்கினாவளா, நம்ம மிசினு தானா குடுத்துச்சா?"

பதிவு முத்திரையிடப்பட்டது, எனக்கும் சொல்ல அனுமதியில்லை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போடுதப்ப அந்தாளு மொகத்தப் பாத்தேன் சார். சண்ட போட்டு வாங்கினவன் மொகம் அப்படி இருக்காது. கேக்காம கெடைச்சவன் மொகம் அது. என்ன செய்யன்னு தெரியாம முழிச்சிட்டு நின்னான். இருவத்தேழு வருசமா இந்த மொகங்களத்தான் பாத்துட்டிருக்கேன். நீங்க சொல்லலன்னாலும் எனக்குத் தெரியும். சொன்னீயன்னா நல்லாருக்கும்."

என் இருபது வருட வேலையில் நான் பதிவை யாருக்கும் திறந்து காட்டியதில்லை. அமைச்சர்கள் கேட்டும் காட்டியதில்லை. அன்றைக்கு மடிக்கணினியை எடுத்தேன். ஏன் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாள் உட்காராமலே நின்றது ஒரு காரணமாக இருக்கலாம்.

தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது சுற்றிலேயே இருந்தது. முதல் சுற்றில் இரண்டு தரப்பும் தங்கள் நிலைப்பாட்டை வைத்திருந்தன. இரண்டாவது சுற்றில், கம்பெனியின் நிகராளி எதையும் கேட்பதற்கு முன்பே, பெர்பெத்துவின் நிகராளி நல்லெண்ண அடையாளமாகக் கடைசிக் கோரிக்கையைக் கைவிட்டிருந்தது. பதினான்கு ஒப்பந்தத்தில் பதினான்கு முறையும் கைவிடப்பட்ட வரி அது. அந்த வரியில் இந்த முறை நீச்சல் குளம் இல்லை, ததேயு இருந்தார். அது நிகராளிக்கு ஒரு வித்தியாசமாகப் படவில்லை. கம்பெனியின் நிகராளி உடனே ஏற்றுக்கொண்டது. மீதிப் பத்து நிமிடமும் எச்சரிக்கைக் கடிதத்தின் வாசகங்களைப் பற்றித்தான் பேச்சு.

இதை அவருக்கு விளக்கினேன். கூட்டக் குறிப்புகளில் எது கைவிடப்பட்டது என்பது மட்டும்தான் இருக்கும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தீர்கள் என்பது இருக்காது, அதனால் நிகராளிக்கு அது தெரியாது என்றேன். நீங்கள் சொன்னீர்கள், நான்தான் எழுதிக்கொள்ளவில்லை என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

"கம்பெனி எத்தன பேர் வரைக்கும் எடுக்கதா இருந்துச்சு?"

இதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஒன்பது" என்றேன்.

அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலியில் அல்ல, கட்டிலின் ஓரத்தில்.

"கடைசியில எழுதினது நாந்தான் சார். தெரிஞ்சுதான் எழுதினேன். யாராச்சும் ஒருத்தன் போயிதான் ஆகணும்னா, அவன் போகட்டும்னு எழுதினேன். போன் போட்டு நிறுத்தச் சொன்னவ நானு. அடுத்தவ வீட்டுப் பிள்ளையக் குடுத்துட்டு எந்தம்பிய எப்படி உள்ள அனுப்ப? ஆனா போயே ஆகணும்னு எழுதலையே சார். அந்தாளு மொகத்த ஒரு நிமிசம் பாத்திருந்தா பேனாவ மூடி வச்சிருப்பேனே."

அவர் சொன்னது எல்லாமே சரி. என்னிடம் இருந்தது ஒரு விதி மட்டும்தான், அதைச் சொன்னேன். படியெடுத்ததில் பிழை என்று நானே எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து மறுபடி நடத்த இடம் உண்டு. எனக்கு வேலை போகும், பரவாயில்லை என்றேன். அதைச் சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

ரத்தானால் எட்டு பேரும் மறுபடி வெளியே நிற்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம், நாலைந்து மாதமாவது என்றேன். அதற்குள் கப்பல்காரன் வேறு துறைமுகம் போய்விட்டால் கம்பெனிக்கு அவர்கள் தேவைப்படாமலும் போகலாம்.

"எட்டு பேரும் ஆறு மணி ஷிப்டுக்கு உள்ள போயிட்டாவ" என்றார். "நானே வாசல்ல நின்னு அனுப்பிட்டுத்தான் வாறேன். ஒருத்தன் பொண்டாட்டி எங்கையப் பிடிச்சிட்டு விடல."

எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். அவர் கண்ணில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பிக்கு இது தெரியக் கூடாது சார். தன்னால எட்டு குடும்பம் நிக்குதுன்னு நெனச்சிட்டிருக்கான். அந்த நெனப்புலதான் நேத்து லாரில ஏறினான். சும்மா போயிட்டோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். அவன் எங்கயாச்சும் வந்து கேட்டாலும் நீங்க சொல்லக் கூடாது. சத்தியம் எல்லாம் வேண்டாம், சரின்னு சொல்லுங்க போதும்."

சரி என்றேன்.

அன்று மத்தியான வண்டிக்கு ஸ்டேஷனில் காத்திருந்தபோது ததேயு வந்தார். நான் கிளம்புவதை லாட்ஜில் விசாரித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் படியெடுக்கிற வேலையைப் பற்றியும் என் குடும்பத்தைப் பற்றியும் பொதுவாக ஏதேதோ கேட்டார். மங்களூரில் ஒரு மீன் பதனக் கிடங்கில் காவல் வேலை இருக்கிறதாம், மச்சினர் சொல்லியிருக்கிறாராம். கிரேன் ஓட்டிய கைக்கு டார்ச் லைட் கனமாகவா இருக்கப்போகிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். நான் வெளிய நின்னதாலதான எட்டு பேரும் உள்ள போனாவ?"

"ஆமாம்" என்றேன்.

"அக்காட்ட கேக்க முடியாது, அழுதிருவா." அவர் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "ஒண்ணு சொல்லுதேன் சார், தப்பா நெனைக்காதீய. அக்காவே நேர்ல போயி பேசியிருந்தான்னு வைங்க, எனக்காக வேற எவனையாச்சும் விட்டுக் குடுத்திருப்பா. என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவதான. அப்புறம் அந்தக் குடும்பத்து மூஞ்சில நான் எப்படி முழிக்க? நல்லவேள, மிசினு பேசுச்சு."

இருபது வருடத்தில் எத்தனையோ தலைவர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பக்கம் திரும்பாமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீக்கப்பட்டாலும் ஒரு வருடத்துக்குச் சங்க உறுப்பினர் உரிமை உண்டு என்றார் ததேயு. அடுத்த வாரம் பொதுக்குழு கூடுகிறதாம். இனிமேல் சம்பளமோ பணி நேரமோ எதுவானாலும், சட்டம் கட்டாயப்படுத்தாத சின்ன விஷயங்களில்கூட, நிகராளிகளே பேசட்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். வேண்டியவர், வேண்டாதவர் என்கிற பேச்சே இருக்காது பாருங்கள் என்றார். வண்டி வந்தது. என் பையை அவரே தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினார்.

சென்னைக்கு வந்ததும் பிழை அறிக்கை ஒன்று எழுதினேன். பெர்பெத்துவுக்கு அதன் நகலை அனுப்பி, உங்கள் சம்மதம் இருந்தால் ஆணையத்தில் கொடுக்கிறேன் என்று கேட்டிருந்தேன். யார் என்ன தீர்மானம் கொண்டுவந்தாலும், உண்மை தெரிந்த ஒருவராவது அந்தப் பொதுக்குழுவில் எழுந்து நின்று இது வேண்டாம் என்று சொல்வார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. சொன்னால், ஏன் என்று தம்பி கேட்பார் என்பதை நான் யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து ஒரு உறை வந்தது. என் அறிக்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் மட்டும் இருந்தது. இனி எல்லாப் பேச்சுவார்த்தைகளையும் நிகராளிகளிடமே ஒப்படைப்பது என்று ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். முன்மொழிந்தவர் ததேயு. வழிமொழிந்தவர் பெர்பெத்து.